அவிழ்க்காத முடிச்சு

பையின் வாயைத் திறக்காமல், பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள் அவள். ஜிப் அறுந்துபோன பை. வாயைச் சுருக்கிக் கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் திரும்பக் கட்டத் தெரியாது. அதனால் மலைக்கு வந்த நாள் முதல் இதே கூத்துதான். விரலுக்கு அகப்பட்டதை இழுத்துப் போட்டுக்கொள்வது. இன்றைக்கு ஒரு காலில் நீலம், மறு காலில் சாம்பல். ஸ்வெட்டர் அடியில் எங்கேயோ கிடந்தது. அதைப் போட்டுக்கொள்ள அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"ஸ்வெட்டர் போடலையா?" விடுதி அறையின் வாசலில் நின்று நாத்தனார் கேட்டார்.

"குளிரலக்கா."

சொல்லும்போதே பல் தந்தியடித்தது. நாத்தனார் அந்தக் கயிற்றை ஒரு பார்வை பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

நாத்தனார் என்றால், இறந்துபோன கணவனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் டீச்சர் என்றால்தான் யாருக்கும் தெரியும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்று தம்பிக்காரன் உயிரோடிருந்த காலத்தில் கேலி செய்வான். அவன் போனபிறகு, சொந்தமென்று வந்தவர்களெல்லாம் காரியம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காய்கறிப் பையோடு வந்து நின்றது இவர் ஒருத்தர்தான். சாப்பிட்டாயா என்று கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்ட மனுஷியிடம், நான் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த இன்னொருவர், மாவு வண்டிக்காரர். அவள் கேக்குக்கு க்ரீம் பூ வைக்கிற பேக்கரிக்கு வேனில் மூட்டை கொண்டுவருபவர். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம், சட்டையில் எந்நேரமும் மாவு. அவசரப்படுகிற ஆளும் இல்லை. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று அதிலேயே நின்றார். அந்தச் சமயம் பார்த்து, ஒரு வாரம் மலையில் நடந்துவிட்டு வரலாமா என்று நாத்தனாரே கேட்டார். இவள் துள்ளிக் குதிக்காத குறை. வாரம் முழுக்க ரெண்டே பேர். சொல்லிவிட மாட்டோமா?

எங்கே சொல்வது? ஏற்றத்தில், "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால், "ஏத்தத்துல பேசக்கூடாது. மூச்சு வீணாகும்" என்பார். இறக்கத்தில், "காலைப் பாத்து வை." சமதரை வந்தால் நடை ஓட்டமாகிவிடும். அருவிக்குப் போனார்கள், அந்த இரைச்சலில் கத்திச் சொல்கிற சங்கதியா இது? ஏரியில் படகு ஏறினால், துடுப்பை இவள் கையில் திணித்து, "இடுப்பை வளைச்சு இழு" என்று பயிற்சி. பழைய கோட்டையில் வழிகாட்டி வாயே மூடவில்லை, நாத்தனாரும் என்றைக்குமில்லாத அக்கறையாக அவனிடம் கேள்விமேல் கேள்வி. தினமும் சொல்ல வந்ததை மென்று முழுங்கி, கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். வாரம் கரைந்துகொண்டே வந்தது. சொல்லாமல் ஊர் திரும்பி, பேக்கரியில் யார் வாயாலாவது நாத்தனார் காதில் விழுந்தால், அப்புறம் ஜென்மத்துக்கும் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

கடைசி நாள் நடை, உச்சியிலிருந்த கணவாய்க்கு. வழக்கம்போல அந்தப் பையும் அவள் முதுகில். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. முன்னால் போன நாத்தனாரின் சிவப்புத் தொப்பி மங்கி, பிறகு அடியோடு மறைந்தது. எங்கிருந்தோ ஒரு விசில். ஒரு விசில் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது நாத்தனாரின் சட்டம். நின்றாள். நீட்டிய கையே சரியாகத் தெரியவில்லை. சுற்றிலும் யாரும் இல்லாத தைரியத்தில், ஒரு தடவை ஒத்திகை பார்த்தால் என்ன என்று தோன்றியது. பனியைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

"அக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அவரை மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. நீங்க இனிமே வீட்டுக்கு வரமாட்டீங்களோன்னுதான் பயமா இருக்கு."

"அதை ஏன் அந்தப் பக்கம் பாத்துச் சொல்ற?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து, எட்டித் தொடுகிற தூரத்திலிருந்து வந்தது. அவளுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. இவளைத் தேடி இறங்கிவந்த நாத்தனார், பனியில் இவளையே தாண்டிப் போயிருந்தார்.

"உனக்கு ஷூ கயிறே ஒழுங்கா கட்ட வராது," என்றார் கிட்டே வந்து. "உன் பையில இருக்கறது மூட்டை கட்டுறவங்க போடற முடிச்சு. பஸ் ஏறுறப்பவே பாத்துட்டேன். அதுவும் நீ அதை அவுக்காம, குளிர்ல வெறைச்சுக்கிட்டு, ஓட்டையில கைய விட்டுத் துழாவுற. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏங்க்கா என்னைப் பேச விடல?"

நாத்தனார் விசிலை விரலால் உருட்டினார். "பேசினா, போயிட்டு வரேன்னு சொல்லுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?" மைதானம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் தழுதழுத்தது. "ஏத்தத்துல பேசக்கூடாதுன்னு எதுவும் இல்ல. அது நானா சொன்னது."

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக வயிற்றில் பசி தெரிந்தது. "அக்காகிட்ட சொன்னப்புறம்தான்னு அவர் ஒத்தக் கால்ல நிக்கறாரு. நீங்க வரலேன்னா நான் ஞாயித்துக்கிழமை அடுப்பே பத்தவைக்க மாட்டேன்க்கா."

"பத்தவைச்சு மட்டும் என்ன கிழிச்ச. முதல்ல ஸ்வெட்டரை எடு."

நாத்தனார் மண்டியிட்டு, நகத்தால் நெம்பி முடிச்சை அவிழ்த்தார். ஸ்வெட்டர் வெளியே வந்தது. அடைத்துவைத்த வாசனை அடித்தாலும் கதகதவென்றிருந்தது. பையைத் திரும்பக் கட்டியதும் அவரேதான். கயிறு தீரும்வரை முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுத் தள்ளினார். மிச்ச ஏற்றம் முழுக்க ரெண்டு பேரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். மூச்சு ஒன்றும் வீணாகவில்லை. ஆளுக்கு என்ன வயசு என்று நாத்தனார் கேட்டார். உங்களைவிடச் சின்னவர்தான் என்றாள். நாத்தனார் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார்.

ஊர் திரும்பியபோது பேருந்து நிலையத்தில் மாவு வேன் நின்றுகொண்டிருந்தது. வரச் சொல்லு என்று சொன்னதே நாத்தனார்தான். மாவு வண்டிக்காரர் தலையைக் குனிந்தபடி வந்து, பையை வாங்கி, பழக்கதோஷத்தில் கயிற்றில் கைவைத்தார். அவர் போட்ட முடிச்சைக் காணோம். முகம் வெளிறி அவளைப் பார்த்தார்.

"நான் போட்டது," என்றார் நாத்தனார். "இழுக்காதீங்க தம்பி, இன்னும் இறுகிடும்."

தம்பி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து வருஷங்கள் ஆகியிருந்தது. மாவு வண்டிக்காரர் கையை எடுத்தார். அந்தக் கோணல்மாணல் முடிச்சின்மேல் அவருடைய விரல் தடங்கள் மாவு வெள்ளையாகப் பதிந்திருந்தன.