உறையில்லாமல் ஓர் அட்டை

அஞ்சலட்டை மறுபடியும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. தபால்காரர் கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிட்டுப் போனதை மாமியார்தான் முதலில் பார்த்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்த மருமகளிடம் நீட்டினார்.

"உன் கார்டுக்கு நம்ம வீட்டு மேல அப்படி என்னம்மா பாசம்? அனுப்ப அனுப்ப வந்து நிக்குது."

மருமகள் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்த பிறகே வாங்கினாள். கோபத்திலும் ஈரக் கையால் அட்டையைத் தொடும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு வடித்துப் பற்களைப் பதித்து, பக்கத்துப் பல்லின் நிறம் வரும்வரை சாயமேற்றுவாள். அந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. வேலை எவ்வளவுக்கெவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவுக்கவ்வளவு அது யார் கண்ணிலும் படாது. பல் மருத்துவருக்குப் பெயர் கிடைக்கும். சிரிப்பவருக்குப் பாராட்டு கிடைக்கும். செய்தவள் யாரென்று எவரும் கேட்பதில்லை. அந்தக் குறை தீரத்தான் அவள் மாலைகளில் அஞ்சலட்டை செய்தாள். தன் கையால் செய்து, தன் பெயர் போட்டு, நாலு பேர் பார்க்கும்படி அனுப்புகிற ஒன்று வாழ்க்கையில் இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

நகர நூலகத்தில் அட்டை செய்பவர்களின் வட்டம் ஒன்று இருந்தது. ஆண்டுக்கொருமுறை உறுப்பினர்களின் அட்டைகளை நூலகச் சுவரில் மாட்டுவார்கள். அதற்கு விதி ஒன்றே ஒன்று. அட்டை உறையில்லாமல் தபாலில் வரவேண்டும். தபால் முத்திரை அட்டையின் மேலேயே விழுந்திருக்கவேண்டும். கேட்பதற்கு எளிய விதிதான். அதுவே அவள் கழுத்தை அறுத்தது. முதல் ஆண்டு, காகிதத் துண்டுகளை அடுக்கி ஒட்டி ஒரு மாடிப்படி செய்திருந்தாள். தபால் நிலைய இயந்திரம் படிகளை உருவிக்கொண்டு கைப்பிடியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறு ஆண்டு, மழைக்குப் பயந்து இருபுறமும் மெருகு பூசினாள். முத்திரையின் மை ஒட்டாமல் வழிந்தோடியது. முத்திரையில்லாத அட்டை தபாலில் வந்த அட்டையாகாது என்று தள்ளிவிட்டார்கள். இம்முறையும் தவறினால் வட்டத்தில் அவளுடைய இடத்தைக் காத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று நூலகர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதுதான் உறைத்தது.

ஆகவே இவ்வாண்டு ஒட்டுமில்லை, மெருகுமில்லை. பல்லுக்குச் சாயமிடும் மெல்லிய தூரிகையால், கூடத்துச் சன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்க் குழாய்களையும் நனைந்த சுவரையும் தீட்டியிருந்தாள். குறை சொல்ல அவளுக்கே எதுவும் அகப்படவில்லை. சென்ற வாரம் அனுப்பினாள், திரும்பி வந்தது. அஞ்சலகத்தின் கவனக்குறைவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, புதுத் தபால்தலை ஒட்டி மீண்டும் அனுப்பினாள். இதோ, அதுவும் வந்துவிட்டது. இன்று மாலைத் தபாலில் போகாவிட்டால் கெடு தாண்டிவிடும்.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உறையில் போட்டு அனுப்பினால் என்ன என்று அவர் கேட்பதும், கூடாது என்று அவள் விளக்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. இன்று அவர் ஒரு படி முன்னேறியிருந்தார்.

"வண்டி அந்தப் பக்கம்தான் போகுது. நானே குடுத்துட்டு வந்துடறேனே."

"தபால்லதாங்க வரணும்."

"நானும் யூனிபார்ம்தானே போட்டிருக்கேன்? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வழியெல்லாம் சொல்லவேண்டியவற்றைச் சொல் சொல்லாகக் கோத்துக்கொண்டு போனாள். அஞ்சலக முகப்பில் இருந்த பெண், கட்டு கட்டாகக் கடிதங்களை அடுக்கியபடியே அத்தனையையும் கேட்டாள். பிறகு, தலை நிமிராமல் ஒரே வாக்கியம் சொன்னாள்.

"எழுதியிருக்கிற விலாசத்துக்குத்தான் போகும் மேடம்."

"எழுதியிருக்கிற விலாசம் இதோ, இதுங்க!" என்று அவள் அட்டையைத் திருப்பி விரலை வைத்தாள். வைத்த விரல் அங்கேயே நின்றது.

நூலகத்தின் விலாசத்தை அவள் எழுதியிருக்கவில்லை, வரைந்திருந்தாள். ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் கழுத்தைச் சுற்ற, கொம்புகளெல்லாம் கொடிகளாகி, ஒரு மாலைப்பொழுதை முழுதாகத் தின்ற எழுத்து அது. கீழே, வலது ஓரத்தில், அனுப்புநர் என்று தன் பெயரும் விலாசமும். அவற்றைப் பற்செட்டுப் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் எழுதுவதுபோலவே, நேரான, பொடியான, அச்சுப் போன்ற எழுத்தில் எழுதியிருந்தாள். அதன் அடியில், விலாசம் படித்துக் கடிதம் பிரிக்கும் இயந்திரம் இட்ட மெல்லிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசை. வரைந்ததை இயந்திரத்தால் படிக்க முடியவில்லை. எழுதியிருந்ததைப் படித்தது, படித்தபடியே, ஒருமுறைக்கு இருமுறை, ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது.

திட்டுவதற்கு ஆளில்லாமல் போவதைப்போல் எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை. கோத்துவைத்த சொற்களெல்லாம் வீணாயின.

"பை கட்டப்போறாங்க. போடறீங்களா, இல்லையா?"

புதிதாக ஒன்று தீட்ட ஒரு வாரம் வேண்டும். மேசையில் கயிற்றால் கட்டியிருந்த தடித்த பேனாவை எடுத்தாள். தன் பெயரை விட்டுவிட்டு, வீட்டு விலாசத்தை மட்டும் அடித்தாள். மொண்ணை முனை பெயரின் கடைசி எழுத்தையும் பாதி விழுங்கியது. கொடிகளின் குறுக்கே நூலகத்தின் விலாசத்தைப் பெரிதாக எழுதினாள். கயிறு எட்டாததால் இரண்டாம் வரி சரிந்தது. மூன்றாம் வரி அதைவிடச் சரிந்தது. பச்சைப்பிள்ளைகூட இதைவிட நேராக எழுதும் என்று தோன்றியது.

புதுத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பைக்குள் வீசினாள்.

"ஒரு நிமிஷம் குடுங்க. அந்த ரெண்டாவது வரியை மட்டும்..."

"உள்ள விழுந்ததை எடுக்கக்கூடாது மேடம்."

பையின் வாயை ஒருவர் இறுக்கிக் கட்டினார். வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் படியிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது விரலெல்லாம் மை. கணவர் அந்த விரலைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சற்று எட்டவே நின்று கேட்டார்.

"என்னாச்சு?"

"எழுத்தெல்லாம் கோணல். அடிச்சு, திருத்தி... பார்க்கவே சகிக்கலை."

"சரி. போயிருக்குல்ல?"

அவள் குழாயைத் திறந்தாள். மை போகவில்லை. சவர்க்காரத்தை எடுத்து, நகக்கண் சிவக்கும்வரை தேய்த்தாள்.

"போயிருக்கு" என்றாள், திட்டுவதுபோல.