வெள்ளி-110இன் இரண்டாவது வரி

அணு நிலையத்துக் கணக்குக்காரன் தன் அறிக்கையை மறுபடி ஒத்துப்பார்த்தான். கதிர்வீச்சு சிமுலேஷன் கொட்டியிருந்த கோப்பில் வெள்ளி-110 இரண்டு வரிகளில் இருந்தது. அவன் எழுதிக் கொடுத்த அறிக்கையிலோ ஒரே வரி. பெயர் ஒன்று, எடை ஒன்று என்று அவனுடைய புரோகிராம் இரண்டையும் கூட்டிவிட்டிருந்தது. வரியின் கடைசிக் கட்டத்தில் ஒன்றுக்கு 0, மற்றதற்கு 1 என்று போட்டிருந்ததை இந்த மகராசன் கவனிக்கவே இல்லை. 0 என்பது அரை நிமிடத்தில் பாதியாகிவிடும் சாது. 1 அதே அணுவின் ஐசோமர். கோபத்தை உள்ளே அடக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கதிரைக் கக்கும். இரண்டுமே சாதுதான் என்று நம்பி, பெட்டிக்குள் இருப்பது ஒரு நாள் ஆறினால் போதும், மூடியைக் கையாலேயே கழற்றலாம் என்று எழுதியிருந்தான்.

அந்தக் கை அவன் மச்சானுடையது. மனைவியின் அண்ணன், மெக்கானிக். இந்நேரம் கீழ்த்தளத்து அறையில் ஈயப் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பான். மூடி இருக்கிறவரை அலாரம் வாயைத் திறக்காது. மூடி போனால் ஆள் போனான்.

அறைக்குப் போன் போட்டான்.

"மச்சான், நான் சொல்றத..."

"போன வாரம் வாங்குனது பத்தலையாடா?"

போன் செத்தது. தங்கையை அழவிட்டான் என்று மச்சான் போன வாரம்தான் அவன் பல் ஒன்றை ஆட்டிவிட்டிருந்தான்.

விழுந்தடித்து ஓடினான். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "பாஸ் எங்க சார்?"

"பாஸாவது மண்ணாவது!"

முழங்கையால் ஒரே இடி. மூக்கைப் பொத்திய காவலாளியின் விரல்களுக்கிடையே ரத்தம் வழிந்தது.

உள்ளே போல்ட்டெல்லாம் கழன்றிருந்தது. மச்சான் மூடிக்கடியில் கடப்பாரையைச் செருகிக்கொண்டிருந்தான். சொல்ல நேரமில்லை. கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இருவரும் தரையில் உருண்டார்கள்.

"முதுகுக்குப் பின்னாடி வந்தா அடிக்கிற?"

ஸ்பேனர் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலேயே கேட்டது. அடுத்த உதை விலாவில். கத்தினான், வாய் நிறைய ரத்தம், வார்த்தை கொழகொழத்தது. மச்சான் மறுபடி பெட்டியை நோக்கித் திரும்பினான். கணக்குக்காரன் ஊர்ந்து போய் அவன் ஆடுசதையைக் கடித்தான், விடவே இல்லை. கடித்தவன் மண்டையில் குத்து மேல் குத்து விழுந்தது.

ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள். "கணக்கு தப்பு... மூடிய தொடாதீங்க..." இப்போதுதான் பேச்சு பேச்சாக வந்தது. மேற்பார்வையாளர் எல்லோரையும் விலக்கிவிட்டு, நீளக் கம்பியில் மீட்டரைக் கட்டி மூடியின் இடுக்கருகே நீட்டினார். முள் கடைசிவரை பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்ததும் மச்சான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஸ்பேனர் இன்னும் கையிலேயே இருந்தது.

"கையாலயே கழட்டலாம்னு எழுதுனது யாரு?"

"நான்தான் மச்சான்."

மச்சான் எழுந்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"இவ்வளவு நேரம் தெரியாம அடிச்சிட்டேன் மாப்ள."

சொல்லிவிட்டு மறுபடி கையை ஓங்கினான். கணக்குக்காரன் முகத்தைத் திருப்பவில்லை. காவலாளியும் தடுக்கவில்லை.