லேடீஸ் சைக்கிளின் ஹேண்டில்பார்

சென்றாயன் குடிக்கிறான் என்பது நஞ்சம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே குடிக்கிறான், யாரோடு குடிக்கிறான் என்பதுதான் பாக்கி.

இந்த விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. வேப்பனப்பள்ளியில் அவளுடைய அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அவருக்குக் கை எப்படி நடுங்கியதோ, அப்படியேதான் புருஷனுக்கும் நடுங்குகிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றத் திணறுகிறான். தண்ணீர்ச் சொம்பு கைநழுவுகிறது. ஓசூர்க் கம்பெனியிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் கெலமங்கலம் வீட்டுக்கு வந்துவிடுகிறவன், இரண்டு மாதமாக ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறான். மிச்ச அரை மணி எங்கே போனது? கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பாக்கெட் சாராயம் கிடைக்கிறது. வாங்கி வந்து கொடுக்க ஆளா இல்லை?

வாடைதான் வரவில்லை. அவன் தூங்கும்போது வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். வெற்றிலை வாசம். மறைக்கத்தான் போடுகிறான் என்று அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டாள். நேராகவும் ஒருநாள் கேட்டாள்.

"கை ஏன்யா நடுங்குது? உண்மைய சொல்லு."

"தெரியல நஞ்சா. மரத்துப் போவுது."

எந்தக் குடிகாரன் தெரியும் என்று சொல்லியிருக்கிறான்? அம்மா பட்ட பாடு தனக்கு வேண்டாம் என்று அண்ணன் ஆஞ்சப்பனுக்குக் கடிதம் போட்டாள். ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாக அவனும் பதில் எழுதினான். புருஷனுக்குத் தெரியாமல் தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்தாள்.

போவதற்குமுன் ஒருத்தனை மட்டும் பார்த்து நாலு வார்த்தை கேட்டாக வேண்டும். ரத்தினவேல், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அதே கம்பெனியில் வெல்டர். சிநேகம் முற்றியதும் இந்த இரண்டு மாதத்தில்தான். சென்றாயன் மலிவாகக் கிடைத்ததென்று பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். கம்பெனி கேட்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். ரத்தினவேல்தான் அதன் மெலிந்த ஹேண்டில்பாரை அறுத்தெடுத்துவிட்டு, தடித்த இரும்புப் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்தான். காசும் வாங்கவில்லை. சைக்கிளுக்கு மீசை முளைத்தது போல இருந்தது. சென்றாயன் அதைத் தினமும் துடைத்தான்.

ஞாயிறு மத்தியானம் அவன் கண்ணயர்ந்ததும் அந்தச் சைக்கிளையே எடுத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன் வாடகை சைக்கிளில் மாங்காய்க் கூடை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவள்தான். ரோடு முழுக்கக் குண்டும் குழியும். பாதி வழியில் உள்ளங்கை குறுகுறுத்தது. அப்புறம் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எல்லாம் ஆத்திரத்தில் வருவது என்று நினைத்துக்கொண்டு மிதித்தாள்.

ரத்தினவேல் ஒற்றை அறையில் குடியிருந்தான். எங்கே வைத்து என் புருஷனுக்கு ஊற்றிக் கொடுக்கிறாய் என்று வாசலிலேயே கேட்டாள். அவன் மிரண்டு போனான். சென்றாயன் டீக்கு மேல் எதையும் தொட்டுத் தான் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தான். சத்தியத்தையும் அவள் நம்பவில்லை. அவன் அவளை உட்காரச் சொல்லி ஒரு கிளாஸ் டீயை நீட்டினான். வாங்கினாள். கிளாஸ் விரல்களுக்குள் நிற்காமல் விழுந்து உடைந்தது.

இரண்டு பேரும் அவள் கையைப் பார்த்தார்கள். அது நடுங்கிக்கொண்டிருந்தது, அப்பா கை போல, சென்றாயன் கை போல.

"மைனி, எதுல வந்தீக?"

அவள் வெளியே காட்டினாள். அவன் போய் ஹேண்டில்பாரைப் பிடித்து முழு பலத்தோடு அமுக்கிப் பார்த்தான். அது அசையவில்லை.

"பழசு மெல்லிசுக் குழாய், மைனி. குழில விழுந்தா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், பாதி அடிய அதுவே வாங்கிக்கிடும். இது தண்ணி பைப்பு. அம்புட்டு அடியும் கைக்குத்தான் வரும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவன்."

எப்படிச் சொல்வான்? ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது, சிநேகிதன் சும்மா செய்து கொடுத்தது. கை மரத்துப்போகிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த அரை மணி நேரம் அங்கேதான் போயிருக்கிறது.

நாளைக்கு வேறு ஹேண்டில்பார் மாற்றித் தருவதாக ரத்தினவேல் சொன்னான். இன்றைக்கு அதே பைப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருந்தது. வந்த வழியெல்லாம் கோபமாக வந்தவள், போகிற வழியெல்லாம் வெட்கத்தில் குன்றிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆஞ்சப்பன் வந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் தகரப் பெட்டி. கடிதத்தில் இருந்ததையெல்லாம் அவன் சொல்லித் தீர்த்துவிட்டான் என்பது சென்றாயன் முகத்திலேயே தெரிந்தது. அவள் பானையில் தண்ணீர் மொண்டாள். சொம்பு ஆடிப் புடவையெல்லாம் நனைந்தது.

ஆஞ்சப்பன் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான். சென்றாயன் எழுந்து வந்து, தன் நடுங்கும் கைகளால் சொம்பைச் சேர்த்துப் பிடித்து அவள் வாயருகே வைத்தான். முகர்ந்து பார்க்கவில்லை.

"ஏம்மே, கை வலிக்குதா?"

இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் அவனிடம் கேட்காத கேள்வி அது. தண்ணீரைக் குடித்தவள், தான் வரவில்லை, சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பு என்று அண்ணனிடம் சொன்னாள்.