மூன்று மாதம் என்று சொன்னவள்

அமிர்திக் காட்டிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர்கள்தான் ரங்கம்மாளுக்குப் புருஷனைப் பற்றிய சேதி கொண்டுவருவார்கள். வேலூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அந்தப் பட்டையை இடிப்பது அவள் வேலை. புருஷன் காசிநாதன் அமிர்தியில் ஃபாரஸ்ட் கார்டு. கல்யாணமான புதிதில் அவளும் அங்கே காட்டு குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். இரண்டு குழந்தைகளையும் மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு, இனி அந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று இறங்கி வந்துவிட்டாள். காசிநாதனுக்கு வேலையை விட மனமில்லை. நாலு வருஷம் தனியாக இருந்து பார்த்துவிட்டு, கலவையிலிருந்து கன்னியம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். அதற்கும் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

1932-ஆம் வருஷம் தை மாதம், வண்டிக்கார வாஹித் பாஷா மூட்டைகளை இறக்கிக்கொண்டே சொன்னான்: "அண்ணனுக்குக் கண்ணு சுத்தமா போயிடுச்சும்மா. பர்மிட்டு சீட்டைக்கூட சின்னம்மாதான் வாங்கிப் படிக்கிறாங்க. ரோந்துக்கும் அவங்கதான் கூடப் போறாங்க. ரெண்டு வருசமா இப்படித்தான். எங்க யாருக்கும் சொல்ல மனசு வரல."

ரங்கம்மாளின் கையிலிருந்த உலக்கை நின்றது. அவன் கண் போனது முதலில் உறைக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒருத்தி அவன் கூடவே நடந்திருக்கிறாள் என்பதுதான் உறைத்தது. கன்னியம்மா மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். ரங்கம்மாளுக்குத் தன் பேரையே எழுதத் தெரியாது. அவன் தன்னோடு இருக்கும்போதே கண் போயிருந்தாலும், தன்னால் அந்தச் சீட்டுகளைப் படித்துக் காட்டியிருக்க முடியாது. இந்த நினைப்பு நாள் முழுக்க அவளை அரித்தது.

மறுநாள் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுபவரிடம் விசாரித்தாள்.

"ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருசம்தானே இருக்கு?" என்றார் அவர். "பரவாயில்ல. உடம்புக்கு முடியலைன்னு சர்க்கார் டாக்டர் எழுதிக் கொடுத்தா இப்பவே பென்ஷன் கிடைக்கும். ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்."

குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் அவன் எங்கே போவான்? வேலூர் கஸ்பாவில் அவள் சம்பாத்தியத்தில் கட்டிய ஓட்டு வீடு இருந்தது. மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, இனி மிதிக்கமாட்டேன் என்று சொன்ன மண்ணுக்கு வாஹித் பாஷாவின் வண்டியிலேயே போய் இறங்கினாள்.

காசிநாதன் வாசலில் உட்கார்ந்திருந்தான். குரலைக் கேட்டதும் எழுந்து, அவளுக்கு இரண்டடி இடது பக்கம் பார்த்துச் சிரித்தான். "ரங்கமா? வா, வா."

அவள் மனுவைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் சுண்டிப்போனது. "எப்பலேர்ந்து தெரியலன்னு கேப்பாங்க. ரெண்டு வருசம்னு தெரிஞ்சா, ஏமாத்தி சம்பளம் வாங்கினேன்னு டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க. முப்பது வருச சர்வீஸும் போயிடும்."

கன்னியம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "ஒன்றரை வருசம்தானே அக்கா. நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு சொல் போதும். ரங்கம்மாளுக்கு உச்சி வரை சூடேறியது.

"நீ பாத்ததெல்லாம் போதும். யோவ், இதுல நீ கையெழுத்துப் போடல, நேரா ரேஞ்சர்கிட்ட போறேன். காட்டை யாரு காவல் காக்கறாங்கன்னு சொல்றேன்."

அவன் மனுவுக்காகக் கையை நீட்டினான். கன்னியம்மா பேனாவை மையில் தோய்த்து அவன் விரல்களுக்குள் வைத்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்துக்கு அந்தக் கையை நகர்த்தினாள். பழக்கப்பட்ட கைகள். தினமும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ரங்கம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி கடைசியில் டாக்டரிடம் வரச்சொல்லி உத்தரவு வந்தது. வேலூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமே அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்றார் டாக்டர்.

"சம்சாரம்" என்றார்கள் இருவரும், ஒரே சமயத்தில்.

டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கைக் கண்ணருகே கொண்டுபோனார். சுவரில் பெரிய எழுத்துகளைக் காட்டினார். காசிநாதன் எழுத்துகள் இருந்த பக்கமே திரும்பவில்லை. நரம்பு பட்டுப்போயிருக்கிறது, ஆபரேஷனாலும் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

இரண்டு வருஷம் மறைத்திருந்தாலும், வாய்விட்டுப் பொய் சொல்லக் காசிநாதனுக்கு வரவில்லை. கன்னியம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"மூணு மாசமா, சாமி" என்றாள் ரங்கம்மாள். "அதுக்கு முன்னால நல்லாதான் இருந்தாரு. தனியாவே காடு பூரா சுத்துவாரு. யார் துணையும் கிடையாது."

மூணு மாசம் என்றதே போதுமாயிருந்தது. மீதியை யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்த மீதியைச் சொல்லும்போது அவள் கன்னியம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கன்னியம்மா அவன் கூட நடந்த அந்த இரண்டு வருஷமும் சர்க்கார் காகிதத்தில் இல்லாமலே போனது. வெல்லக்கட்டியை நாக்கில் வைத்ததுபோல் இருந்தது ரங்கம்மாளுக்கு.

சித்திரையில் பென்ஷன் உத்தரவாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று கன்னியம்மா தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கலவைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

காசிநாதன் கஸ்பா வீட்டுக்கு வந்தான். ரங்கம்மாள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அவன் நிலைப்படியில் இடித்துக்கொண்டான், தண்ணீர்ப் பானையைத் தட்டிவிட்டான். அவள் கையைப் பிடித்தால், "எனக்குத் தெரியும், விடு" என்று உதறினான். திட்டினால்கூடத் தேவலை. அவன் திட்டவில்லை. தெருவில் யாராவது பெண்பிள்ளை நடக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். அந்தச் சத்தம் கடந்து போகும் வரைக்கும் ரங்கம்மாளும் சேர்ந்து காத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் அவளால் அதைத் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு சகீனாவை அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கலவைக்குப் போனாள்.

கன்னியம்மா தன் அண்ணன் வீட்டுக் களத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"வா, போலாம்" என்றாள் ரங்கம்மாள்.

"யார் துணையும் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"உண்மையைச் சொல்லியிருந்தா பென்ஷன் போயிருக்கும்டி."

"தெரியும். அதனாலதான் வாயைத் தொறக்கல. ஆனா அதைச் சொல்லும்போது உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் பாத்தேன்."

ரங்கம்மாள் களத்தில் உட்கார்ந்தாள். மறுத்துச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ஆமா" என்றாள் கடைசியில். "வயித்தெரிச்சல்தான். இப்பவும் இருக்கு. நீ வந்தா இன்னும் ஜாஸ்தியாகும். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? அவரு உன் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அதைப் பாக்கறதுக்கு இந்த வயித்தெரிச்சலே தேவல."

கன்னியம்மா மிச்சக் கடலையையும் உடைத்தாள். முறம் நிறைந்ததும் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். பஸ் ஆற்காட்டைத் தாண்டும்போது கன்னியம்மாதான் கேட்டாள்.

"இளைச்சிட்டாராக்கா? போனதும் அவருக்குப் பிடிச்ச கேழ்வரகுக் களி கிண்டிடட்டா?"

"நீ சும்மா இரு" என்றாள் ரங்கம்மாள் வேகமாக. "களி நான் கிண்டறேன்."