ஒரு நொடி முகம்

தலைமுறை தலைமுறையாகப் படித்துக் கிழித்த பழைய நாவல் அது. அதைப் படமாக எடுக்கிறோம் என்று கிளம்பினார்கள் மகராசர்கள். கதைப்படி இளவரசன் கோட்டைச் சுவரிலிருந்து அகழியில் குதிக்க வேண்டும். ஹீரோவா குதிப்பார்? அவருக்கு டூப் போடுகிற ‘குட்டிக்கரணம்’தான் குதிக்க வேண்டும். அவன் பெண்டாட்டிதான் படத்துக்குத் தையல்காரி. ஹீரோவுக்குத் தைத்த உடுப்பையே புருஷனுக்கும் தைத்தாள். ஒடுங்கின தோள் அவனுக்கு. உள்ளே பஞ்சு வைத்து, ஹீரோவின் அகலத்துக்கு இம்மி பிசகாமல் சரிக்கட்டிவிட்டாள். கெட்டிக்காரி, என்ன செய்ய!

“இருபது வருஷமா ஊருக்கு முதுகக் காட்டியே பொழைக்கிறேன்” என்று சிரிப்பான் அவன். அவன் அம்மா ஒரு படம் விடமாட்டாள். முதுகு தெரிந்தாலே போதும், “அதோ என் புள்ள!” என்று கூவிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும், “ஒரு தடவையாவது மூஞ்சியக் காட்டுடா” என்று அவனைப் பிடுங்கி எடுப்பாள்.

அதுதான் வினையாகப் போனது. குதிக்கும்போது வேண்டுமென்றே கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான். டூப்பின் முகம் தெரிந்தால் டேக் செல்லாது. “இன்னொரு தடவை” என்றார் இயக்குநர். இரண்டாம் தடவை கால் வழுக்கி, தலை சுவரில் மோதியது. அகழியிலிருந்து பிணமாகத்தான் தூக்கினார்கள். பாவிப்பயல், சும்மா குதித்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

இரண்டு மாதம் கழித்து, தையல்காரி எடிட்டர் அறைக்குப் போய் நின்றாள். இரண்டாவது டேக்கைத் தொட அவருக்கு மனசில்லை. முதல் டேக்கில் ஹீரோ முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டுவதாக இருந்தார்கள்.

“ஒட்டாதீங்கண்ணே. அத்தை ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டும்.”

எடிட்டர் அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒட்டு மீசை, கிரீடம், கண்ணில் மை. “யாருக்கும் வித்தியாசம் தெரியாதும்மா. அப்படியே விட்டுடறேன்” என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

படம் வெளியான முதல் நாள் பகல் காட்சிக்கு மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். கோட்டைச் சுவர் வந்தது. “இப்ப பாருங்க அத்தை!” அவன் திரும்பினான், சிரித்தான், குதித்தான். தியேட்டரே விசிலடித்தது. மாமியாரும் கைதட்டினாள்.

“என்னமா குதிக்கிறான்டி ஹீரோ! நம்ம புள்ள எப்ப வருவான்?”

“அதுதான் அத்தை நம்ம புள்ள.”

“போடி இவளே. பெத்தவளுக்குத் தெரியாதா? என் புள்ளைக்கு ஏது அந்தத் தோளு?”

தையல்காரி பஞ்சு வைத்துத் தைத்த தோள் அது. அவள் கைதான் அவனை மறைத்துவிட்டது. பெற்றவளே கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்துவிட்டது. அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கூட்டம் கலைந்தது. கூட்டுகிறவர் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தார்.

“எழுந்திரிங்க அத்தை, போலாம்.”

கிழவி வெறும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “செத்த இருடி. நாம அந்தண்டை போனதும் வந்துட்டான்னா?”