சூட்கேஸில் ஏறிப் போனது

அட்டைப் பெட்டியைத் திறந்த மனிதருக்குத் தலை சுற்றியது. நேற்று ஈரக்காட்டில் முழங்கால் தேயத் தேடி எடுத்துவந்த மக்கிய கட்டை அப்படியே கிடந்தது. அதன்மேல் முட்டை மஞ்சளை ஊற்றினாற்போல் படர்ந்திருந்த சளிப்பூஞ்சையைத்தான் காணோம்.

அருங்காட்சியகத்தில் அவர் இதுவரை பெயர் கண்டுபிடித்ததெல்லாம் காய்ந்து டப்பாவில் வந்தவை. உயிருள்ளது இதுதான் முதல். அது வித்து மணிகள் விட்டுக் காய்த்தால்தான் இன்ன வகையென்று சொல்ல முடியும். அதனால் யார் கையும் படாமல், இருட்டான இடமென்று மைத்துனன் அறையில், கட்டிலடியில், அவன் சூட்கேஸை ஒட்டி வைத்திருந்தார். மைத்துனன் மனைவியின் தம்பி; வேலை தேடி வந்து தங்கியிருப்பவன். துடைக்கும் துணி இல்லாமல் அவன் கையைப் பார்க்கவே முடியாது.

"மாப்ள, தொடச்சிட்டியா?"

"நான் தொடவே இல்ல மாமா."

"பின்ன, அதுக்குக் கால் முளைச்சுதா? ஒண்ட வந்த எடத்துல கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

அவன் துணியைத் தோளில் போட்டான். சூட்கேஸை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அழுதுகொண்டே கட்டிலடியைப் பார்த்த மனைவி சொன்னாள்: "இங்க வாங்க. இது என்ன?"

பெட்டியிலிருந்து தரையில் மெல்லிய மஞ்சள் கோடு. சூட்கேஸ் இருந்த இடத்தோடு நின்றுவிட்டது. காய்க்கும் நேரத்தில் சளிப்பூஞ்சை ஈரத்தைவிட்டு உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து போகும். எத்தனையோ தடவை படித்ததுதான். கோபம் வந்தால் படித்ததுதானே முதலில் கழன்றுகொள்கிறது!

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினார். மைத்துனனைத் தேடி ஓடுகிறோமா, சூட்கேஸைத் தேடியா என்று வழியெல்லாம் குழப்பம். பேருந்து நிறுத்தத்தில் அவன் சூட்கேஸை மடியில் வைத்து, கையில் துடைக்கும் துணியோடு உட்கார்ந்திருந்தான். அதன் ஓரத்தில் பூச்சி முட்டைகள் போலப் பளபளவென்று பழுப்பு மணிகள். காய்த்துவிட்டது! அவர் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது.

"என்னக் கூப்பிட வந்தீங்களா மாமா, இதையா?"

சத்தியமாக அவருக்கே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் கைத்துணியை வாங்கினார். மணிகளை அழுத்தித் துடைத்தார். அவை நொறுங்கிக் கறுப்பு வித்துப் பொடியாகின.

"பேசுனது தப்புடா. வீட்டுக்கு வா."

அவன் துணியை வாங்கி, பொடி சிந்தாமல் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இதத் தொவைக்க மாட்டேன் மாமா" என்றான்.