இருவருமே வலது பக்கம்

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்ற வாக்கியத்தை முதலில் சொன்ன மகானுபாவர் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் எனக்கு. மழை வந்து ஷூட்டிங் பாதியில் நின்றதா, எடிட்டிங்ல பாத்துக்கலாம். கதாநாயகனுக்கு வசனம் வாயில் நுழையவில்லையா, எடிட்டிங்ல பாத்துக்கலாம். யுத்த களத்தில் செத்துக் கிடக்கும் சிப்பாய் மூக்கைச் சொறிகிறானா, அதுவும் எடிட்டிங்கில்தான். அப்படி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதற்காக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஜீவன் நான்.

இந்தப் படத்தின் டைரக்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காவியம். தன் படத்தைப் படம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. யுத்தம் பிரித்த காதலர்கள், ஆறு வருஷப் பிரிவு, எரியும் ஊர்கள், பனி, கடல், கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் சந்திப்பு. அவன் இடது கையை இழந்து திரும்பி வருகிறான், கோட்டின் அந்தக் கை வெறுமனே தொங்குகிறது. அவள் ஒரு பெட்டியோடு நிற்கிறாள். பார்க்கிறார்கள். அழுகிறார்கள். படம் முடிகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காதலர்களை உண்மையில் பிரித்தது யுத்தம் இல்லை, கால்ஷீட். கதாநாயகன் வந்த மாதம் கதாநாயகி வரவில்லை. அவள் வந்தபோது அவன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான். உயிருக்கு உயிரான அந்த ஜோடி ஒரு பாட்டுக்கு மட்டும்தான் சேர்ந்து நின்றது. ரயில் நிலையச் சந்திப்பைக்கூடத் தனித்தனியாக எடுத்தார்கள். ஒரு குச்சியின் நுனியில் பந்தைக் கட்டி, அதைப் பார்த்து அவன் அழுதான். பத்து நாள் கழித்து அதே பந்தைப் பார்த்து அவளும் அழுதாள்.

அதைப் படம் பிடித்தவன் என் கணவன். கேமராமேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அவன் ஷூட்டிங்கில் இருக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். அவன் எடுத்தது என் மேசைக்கு வந்து நான் அறைக்குள் அடைபடும்போது அவன் வீட்டில் இருப்பான். இந்த முறை ஐந்து மாதம் வெளியூர். வியாழக்கிழமை காலை வருகிறான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த படத்துக்கு விமானம் ஏறுகிறான், திரும்பி வர ஆறு மாதம் ஆகும். நடுவில் இருப்பது இரண்டு பகல், ஒரு ராத்திரி. படத்தையும் வெள்ளிக்கிழமைதான் கொடுக்க வேண்டும். அதனால் புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்று நாயாக உழைத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் போனை அணைத்துவிட்டு அவனோடு வீட்டில் சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

புதன்கிழமை மத்தியானம் அந்தக் கடைசிக் காட்சியின் ஷாட்டுகள் வந்தன. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரைத் தனித்தனியாக எடுத்தால், திரையில் ஒருவர் வலது பக்கமும் மற்றவர் இடது பக்கமும் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பதாகத் தோன்றும். கேமராவைத் தொட்ட முதல் வாரமே கற்றுக்கொள்கிற விஷயம் இது. இங்கே அவனும் வலது பக்கம் பார்க்கிறான், அவளும் வலது பக்கம் பார்க்கிறாள். ஆறு வருஷம் காத்திருந்து சந்தித்த காதலர்கள், பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்களைப் போல நிற்கிறார்கள்.

ஒரு ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றலாம். அவனை மாற்றினேன். இல்லாமல் போன கை வலது கையாகிவிட்டது. அவளை மாற்றினேன். பின்னால் இருந்த அறிவிப்புப் பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது, ஊரே அறிந்த அவளுடைய கன்னத்து மச்சம் அடுத்த கன்னத்துக்குக் குடிபோனது. மறுபடி எடுக்கலாம் என்றால் ரயில் நிலைய செட்டைப் பிரித்தாகிவிட்டது. கதாநாயகன் அடுத்த படத்துக்காக மொட்டைத் தலையோடு இருக்கிறான்.

காவியத்துக்குப் போன் செய்தேன்.

"சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கறாங்க. ஒட்டவே மாட்டேங்குது."

"அப்படியா? ஷாட் எப்படிம்மா இருக்கு? அவ முகத்துல அந்த வெளிச்சம்! காவியம்மா அது."

"சார், நான் சொல்றது..."

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்மா. உன்னால முடியாததா?"

போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை என் கணவன் வீட்டுக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவியை எடுத்துத் திறந்து, குளித்து, காத்திருந்து, மத்தியானத்துக்கு மேல் என் அறைக்கே வந்து சேர்ந்தான். வெயிலில் கறுத்து, தாடி வைத்து, இளைத்துப் போயிருந்தான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"எந்தக் கண்ணோட அந்த ஷாட்டை எடுத்த?"

"ஐஞ்சு மாசம் கழிச்சு வந்திருக்கேன். வான்னு ஒரு வார்த்தை கிடையாதா?"

"வா. வந்து உக்காந்து இதப் பாரு."

பார்த்தான். தாடியைத் தடவினான். மறுபடியும் பார்த்தான்.

"அந்தப் பக்கம் வெளிச்சம் அள்ளுச்சு" என்றான். "மேகம் விலகி சட்டுனு வெயில் வந்துச்சு. நீயே அவ முகத்தப் பாரு, எப்படி இருக்கு."

"முகம் நல்லாத்தான் இருக்கு. யாரப் பாக்குது அது?"

"எடிட்டிங்ல..."

"சொல்லாத! அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாத, கொன்னுடுவேன்."

அதன் பிறகு வேலைதான். நான் மேசை முன்னால், அவன் என் பக்கத்து நாற்காலியில். அவன் வெளியே போய் வாங்கி வந்த டீ ஆறிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் செய்த தப்பு, அவனுடைய இரண்டு நாளைத் தின்றுகொண்டிருக்கிறது, என்னுடையதையும் சேர்த்து. இதில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அன்று முழுக்க ஒன்றும் உருப்படவில்லை. வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலையும் அதே அறை, அதே இரண்டு நாற்காலி. அவன் பெட்டி கதவோரம் தயாராக இருந்தது.

"நான் வேணும்னு செஞ்ச மாதிரி பேசற" என்றான் அவன்.

"முதல்லயே யோசிச்சு வச்சுட்டுத்தான் செஞ்சிருக்க. லைட் டெஸ்ட்லயே அந்தப் பக்கம்தான் வச்சிருப்ப. இரு, காட்டறேன்."

லைட் டெஸ்ட் என்பது வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க, நடிகர்கள் வருவதற்கு முன்னால் யாரையாவது நிற்க வைத்து எடுத்துப் பார்ப்பது. படத்தில் வராது. வேண்டாத குப்பையோடு குப்பையாக அதையும் அனுப்பி வைப்பார்கள். அவன் வாயை அடைப்பதற்காகவே அதைத் தேடி எடுத்து ஓடவிட்டேன்.

நடைமேடையில் ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் முதுகு தெரிகிறது. இடது பக்கம் கதாநாயகனின் கோட், அதன் இடது கை வெறுமனே தொங்குகிறது. வலது பக்கம் கதாநாயகியின் கோட், காலடியில் பெட்டி. கோட்டுக்குள் இருந்தது நாங்கள்.

எனக்கு அந்த நாள் மறந்தே போயிருந்தது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து அவனைப் பார்க்கப் போயிருந்தேன். போன இடத்தில் டூப் யாரும் வரவில்லை என்று எனக்குக் கோட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டான். தானும் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, இடது கையை உள்ளே மடக்கி வைத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கோபத்தில் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அவனும் வலது பக்கம், என்னைப் பார்க்கிறான்.

என்னை எங்கே பார்த்தான்? எனக்குத் தெரியாதா? என் தலைக்கு மேல், மேகம் எப்போது விலகும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் திரையில் அது தெரியவில்லை. திரையில் ஒருவன் கண் எடுக்காமல் அவளையே பார்க்கிறான். அவள் திரும்ப மறுக்கிறாள்.

என் கை தானாக மேசைக்குப் போனது. முதலில் பெஞ்ச். பிறகு கதாநாயகன், இடுப்புக்கு மேல் மட்டும், நிற்பது தெரியாது, வலது பக்கம், அவளைப் பார்க்கிறான். பிறகு கதாநாயகி, வலது பக்கம், அவனைப் பார்க்க மாட்டேன் என்று அழுகிறாள். மறுபடியும் பெஞ்ச். ஆறு வருஷம் காக்க வைத்தவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எவள் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள்? இது சரியாக இருந்தது. எழுதி வைத்திருந்ததைவிட இதுதான் உண்மை.

பெஞ்ச் ஷாட்டை எங்கே வெட்டுவது என்று பார்க்க, கடைசி வரை ஓடவிட்டேன். கடைசியில் நான் மெதுவாக அவன் பக்கம் திரும்புகிறேன். அந்த நொடியில் வெயில் வருகிறது. "லைட் வந்துடுச்சு!" என்று அவன் துள்ளி எழுந்து ஓடிவிடுகிறான். பெஞ்சில் நான் மட்டும், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு.

"அது எனக்குத் தெரியாது" என்றான் என் கணவன். "நீ திரும்பினது. நான் பாக்கவே இல்ல."

அவன் எழுந்திருப்பதற்கு முன்னால் வெட்டினேன். படத்தில் அவன் எழுந்து போக மாட்டான்.

மத்தியானம் காவியம் வந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு? ஆமா, அந்த முதுகு யாரும்மா? டூப்பா? பிரமாதமா நடிச்சிருக்காங்களே."

"தெரியல சார்" என்றேன்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்மா. ரெண்டாவது பாதியில அந்தக் கடல் சீன்..."

கதவோரம் என் கணவன் பெட்டியைக் கையில் எடுத்திருந்தான். வாசலில் கார் வந்து நின்றிருந்தது. அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பரவாயில்லை, நீ பாரு, அடுத்த முறை பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். நாலு வருஷமாக அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

"எங்கம்மா கிளம்பிட்ட? கடல் சீன்?"

"அத ஷூட்டிங்ல பாத்திருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

விமான நிலையத்துக்குப் போகும் சாலையைப் போல எரிச்சல் பிடித்த சாலை கிடையாது. எந்த நேரம் போனாலும் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். அன்றைக்கு மட்டும் துடைத்துவிட்டது போல வெறிச்சென்று கிடந்தது. சிக்னல்கள் எல்லாம் பச்சையாக விழுந்தன. டிரைவர் வேறு நல்லவர், பறந்தார். ஐந்து மாதத்தில் வேலையும் சண்டையும் இல்லாமல் எங்களுக்குக் கிடைத்த நேரம் இது ஒன்றுதான். அதையும் ஓட ஓட விரட்டுகிறார்களே என்று எனக்கு அழுகை முட்டியது.

"கொஞ்சம் மெதுவா போங்கண்ணே" என்றேன்.

"லேட்டாயிடும்மா" என்றார் டிரைவர்.

என் கணவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகம், வெயில், பாழாய்ப்போன வெளிச்சம். தாடியோடு சேர்த்து அவன் மோவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இந்தப் பக்கம் பாரு" என்றேன்.

பார்த்தான். கார் விமான நிலைய வாசலுக்குள் திரும்பியது.